வலப்பக்கத்துக் கதிரை

மணியை மணியோடு சேர்க்க வேண்டும், ரோசாவை ரோசாவோடு, கேடயத்தைக் கேடயத்தோடு, ஓக் மரத்துக் கொட்டையை அதே கொட்டையோடு, அவ்வளவுதான், நேர்சரிப் பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை. அப்பா மணிப் படம் போட்ட விளையாட்டுக் காட் ஒன்றை இடக்கையால் எடுத்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராக்கிப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் ரோசாக்களுக்கு மேலே வைத்தார். மகள் ஆரபி அந்த மணியையே பார்த்தாள். எதிர்க் கதிரையில் ஃபிறவ் அம்ரைன், பாரிசவாதம் வந்தவர்களைப் பழக்கி எடுக்கிற தெரபிஸ்ட், முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை, அந்த ஒன்றையும் காட்டாத முகம்தான் ஆரபிக்குப் பிடிக்காதது, பிழை என்றால் பிழை என்று சொல்லித் தொலைக்கலாம். ஆரபியை அப்பாவின் வலப்பக்கத்துக் கதிரையில் இருத்தியதும் அவதான். அப்பாவின் வலக்கை செத்துப்போய் மடியில் கிடக்கிறது, வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறக்கப் பார்க்கிறதாம், பிள்ளை அந்தப் பக்கம் இருந்தால் தலை தானாகத் திரும்புமாம். திரும்பவில்லை. வந்து இருந்ததிலிருந்து ஒருதரம்கூடத் திரும்பவில்லை, அவருடைய காதையும் நேர்ஸ் அரைகுறையாகச் சவரம் செய்துவிட்ட கன்னத்தையும்தான் இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேச்சும் போய்விட்டது, வருகிறதெல்லாம் ஒரு 'அ', அதுவும் எப்போதாவது. வருகிற கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் வைப்பார்கள். தலை வேலை செய்கிறது, சொல்வது விளங்குகிறது என்றால் அப்பா வீட்டுக்கு வரலாம், பகலில் ஆராவது கூட இருக்க வேண்டும். விளங்கவில்லை என்றால் ஹைம், முதியோர் இல்லம், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் கட்டடம், யன்னலுக்கு யன்னல் ஒரு கிழவி. அப்பாவுக்கு இன்னும் தலைமயிர்கூட முழுக்க நரைக்கவில்லை. 'ஆராவது' என்று அம்மா சொல்லும்போது பெயர் சொல்லத் தேவையில்லை. அம்மா ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் விரிப்புத் துணி தோய்த்து மடிக்கிறா, அதை விட முடியாது, மிச்சம் இருப்பது பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, மேலே படிக்கப் பொறுமை இல்லாமல், தொழில் பழக ஓரிடமும் அகப்படாமல், சோபாவில் படுத்துப் போன் பார்க்கிற ஒருத்தி. ஆனால் இன்று காலமை, இங்கே வருகிற பஸ்ஸில், அந்தப் போன் அடித்தது. லங்கந்தாலில் ஒரு பேக்கரி. கேட்ட இடமெல்லாம் மாட்டோம் என்றார்கள், இவர்கள் மட்டும் வா என்கிறார்கள், மூன்று வருச லேர, தொழில் பயிற்சி, மாவு பிசைவதிலிருந்து கேக் பூச்சு வரை பழகலாம், ஓகஸ்டில் தொடக்கம், கடைக்கு மேலே படுக்க அறையும் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லு. பஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது நினைவு வந்து சிரிப்பு நின்றது. இன்னும் ஆருக்கும் சொல்லவில்லை. இப்போது அப்பா மணியை ரோசாவில் வைக்கிறார், அவளுக்கு வந்தது பயம்தான், ஆனால் பயம் மட்டும்தானா? பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு விருப்பமில்லை. பெயர் வைக்காமல் விட்டால் அது இல்லாமல் போய்விடாது, அதுவும் தெரியும்.

அப்பாவுக்கு இந்தக் காட்ஸ் தெரியாது. ஒரே வசனம். டொச்சில், இங்கத்தைய ஜேர்மன் பாஷையில், சொன்னால் இன்னும் சின்ன வசனம். சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, சொன்னால் ஃபிறவ் அம்ரைன் வேறு காட்ஸ் கட்டைக் கொண்டுவருவா, அதில் அவர் சரியாகச் செய்தால், செய்தால் நல்லதுதானே, நல்லதுதான், செய்தால் வீடு, வீடென்றால் கக்கூசுக்குக் கூட்டிப்போக, சோறு குழைத்து வாயில் வைக்க, ஓகஸ்ட், செப்டெம்பர், அடுத்த வருசம். அப்பா ஒரு கேடயத்தை எடுத்தார். எடுத்ததை வைக்க இடம் தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. இந்தக் கை கோபத்தில் எத்தனை தரம் மேசையில் குத்தியிருக்கிறது. கேடயம், மணி, இதெல்லாம் ஒரு காட்ஸா, அவளும் அப்படித்தான் நினைத்தாள் முதன்முதல் பார்த்தபோது. அதற்கு முன் அவர்கள் இருந்தது பேர்ன் பக்கம், அங்கே எல்லா வீட்டிலும் இதயம் போட்ட ஆடுதன், டைமன், கிளாவர், ஸ்பேட் என்கிற இஸ்கோப்பன், யாழ்ப்பாணத்தில் அப்பா விளையாடின அதே நாலும். பிறகு அப்பாவுக்கு ரெஸ்ரோறன்ட் வேலை மாறி லூசேர்ன் பக்கம் வந்தார்கள், ரயிலில் ஒரு தூக்கம் போடக்கூடக் காணாத தூரம். புதுப் பள்ளிக்கூடம், மலையில் ஒரு முகாம், வெளியே மழை, எல்லாரும் யாஸ் என்கிற காட்ஸ் விளையாட வட்டமாக இருந்தார்கள், யாஸ் என்றால் இந்த நாட்டுச் சனத்துக்குச் சாப்பாடு மாதிரி, அவள் ஓடிப்போய்த் தன்னுடைய பையிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். லேயா என்றவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஊத்தைக் காலுறையைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி, "ஐயே, பேர்ன்காரரின்ர காட்ஸ்!" என்றாள். சிரித்தார்கள். மூக்குப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு நாடு, ஒரே விளையாட்டு, நடுவில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மணி, அந்தப் பக்கம் ஆடுதன், ஆர் கீறினது என்று கேட்டால் ஆசிரியருக்கும் தெரியாது, ஆனால் ஒருத்தரும் தாண்ட மாட்டார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது, கறுப்பாக இருப்பதற்கு மட்டுமில்லை, பிழையான கட்டு வைத்திருப்பதற்கும் சிரிப்பார்கள் என்று. வீட்டுக்கு வந்து அப்பாவோடு சண்டை. "இஞ்ச எல்லாரும் மற்றக் காட்ஸிலதான் விளையாடுகினம், அதை வாங்குங்கோ." அப்பா கடையில் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். ராசா இருக்கிறார். அவருக்குக் கீழே ஒரு ஆம்பிளை. அவனுக்கும் கீழே இன்னொரு ஆம்பிளை. "ராணி எங்கயடி பிள்ளை? ஒரு பொம்பிளை இல்லாத வீட்டில ராசா என்னண்டு இருக்கிறது, ஆர் அவருக்குத் தேத்தண்ணி குடுக்கிறது?" கடைக்காரன் பார்க்கப் பார்க்கச் சிரித்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பேர்னிலிருந்து வருகிற நேசன் மாமாதான் கட்டுக் கொண்டுவருவார், அப்பாவின் கூட்டாளி, காட்ஸிலும் கூட்டாளி.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் என்றால் வீடு வீடாக இருக்காது, ஊர்க் காட்ஸ் விளையாட்டு. முந்நூற்றி நாலு. நாலு பேர், எதிரும் புதிருமாக இரண்டு சோடி, ஒருத்தர் வாயும் மூடாது. கட்டைப் பிரித்ததும் அப்பா செய்கிற முதல் வேலை நாலு ஆறாம் காட்டையும் உருவி எறிவது, முந்நூற்றி நாலுக்கு ஏழுக்குக் கீழே ஒன்றும் தேவையில்லை. அந்த ஆறாம் காட்டுகள் குப்பைக்குப் போகாது, குசினி லாச்சிக்குள் போகும், கட்டுப் பழசாகிக் கிழிந்து போனாலும் ஆறு மட்டும் புத்தம் புதுசாக அங்கேயே கிடக்கும், கரண்டி எடுக்கப் போனால் கையில் ஒட்டும். சின்னதில் அவள் அதைக் கொண்டு நிலத்தில் வீடு கட்டினாள், ஆறாம் காட்டால் மட்டும் கட்டின வீடு, அப்பா கால் படாமல் சுற்றிப் போவார். "ஒல்லாந்தன் வந்து கோட்டையும் கட்டி, காட்ஸும் பழக்கிப் போட்டுப் போனவன்" என்பார் நேசன் மாமா, "கோட்டை பாழாப் போச்சு, காட்ஸ் மிஞ்சிச்சு." அந்த விளையாட்டின் சட்டமே அவளுக்கு விசர்ச் சட்டமாகத்தான் தெரியும், ஜாக்தான் பெரிது, ராசாவையும் வெட்டும், அதற்கு அடுத்தது ஒன்பது, ஒன்பது போய் ஏசை வெட்டுமாம், உலகத்தில் எங்கே நடக்கும்? காட் போடுவது வலப்பக்கமாகச் சுற்றி. ஆளுக்கு நாலு விழுந்ததும் போட்டவருக்கு வலப்பக்கத்தில் இருக்கிறவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும், என் கையை நம்பி இவ்வளவு புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும், அறுபதிலிருந்து மேலே. கேட்டு வென்றவர் தன் துரும்பை ஒருத்தருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். ஒருநாள் நேசன் மாமா நல்ல கையை வைத்துக்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டார், ஆட்டம் முடியத்தான் தெரிந்தது, அப்பா மேசையில் குத்தின குத்தில் தேத்தண்ணிக் கோப்பை உருண்டது. "ஜாக்கும் ஒன்பதும் கையில வைச்சுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனீ என்ன? நீ மனுசனோ பிணமோ?" அவள் அறையிலிருந்து கத்தினாள், "அப்பா, மெதுவாக் கதையுங்கோ, மேல் வீட்டுக்காரர் பொலிசுக்குப் போன் அடிக்கப் போறாங்கள்." அப்பா திரும்பிக் கத்தினார், "நீயும் வந்து இரு, பழக்கிவிடுறன்." "லூசுகளின்ர விளையாட்டு எனக்கு வேண்டாம்." கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் எத்தனை ஞாயிறு. இப்போது மேல் வீட்டுக்காரர் சந்தோசமாக இருப்பார்கள்.

ஃபிறவ் அம்ரைன் பேனையை எடுத்தா. எடுத்ததும் ஆரபியின் வாய் தானாகத் திறந்தது, யோசித்துத் திறக்கவில்லை, யோசித்திருந்தால் திறந்திருக்காது. "இவருக்கு இந்தக் காட்ஸ் தெரியாது. எங்கட வீட்டில மற்றதுதான்." ஃபிறவ் அம்ரைன் நிமிர்ந்தா. "ஆ, நீங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆக்களோ?" என்று முதல்முறையாகச் சிரித்தா, "முதலே சொல்லியிருக்கலாமே, என்ர மனுசனும் பேர்ன்தான், எங்கட வீட்டிலயும் இதுக்குத்தான் சண்டை." அலுமாரிக்குள் கிளறி, ரப்பர்வளையம் போட்ட ஒரு கட்டைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் பரப்பினா, அதே வேலை, ஒரே மாதிரியானதை ஒன்றாகச் சேர்க்கட்டாம். ஆடுதன் சிவப்பு. கிளாவர் கறுப்பு. ராணிகள் வந்துவிட்டார்கள். அப்பாவின் இடக்கை காட்டுகளுக்கு மேலாக மெல்லப் போனது, தண்ணீர் சுடுகிறதா என்று பார்க்கிற கை மாதிரி, சேருங்கோ அப்பா, சேர்க்காதேங்கோ அப்பா, ஆரபி இரண்டையும் நினைத்தாள், ஒன்றை நினைக்கும்போது மற்றது அதன் காலைப் பிடித்து இழுத்தது. கை ஒரு கிளாவரை இழுத்தது. பிறகு ஒரு ஆடுதனை இழுத்து அதற்கு மேலே வைத்தது. சரி, முடிந்தது. கறுப்பில் சிவப்பு. பிறகு டைமன். பிறகு இஸ்கோப்பன். நாலும் நாலு வகை, ஒன்றோடொன்று ஒட்டாதது, அப்பா அந்த நாலையும் கவிழ்த்து மேசை விளிம்புக்குத் தள்ளிவிட்டார், தள்ளின வேகத்தில் ஒன்று கீழே விழுந்து ஆரபியின் சப்பாத்துக்குப் பக்கத்தில் மல்லாந்தது. ஆறு. கிளாவர் ஆறு. அவளுக்கு விளங்கிவிட்டது. குனிந்து எடுக்கவில்லை. எடுத்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். "இது ஏன் இப்பிடி?" ஃபிறவ் அம்ரைன் அவளைத்தான் கேட்டா, "ஏதும் அர்த்தம் இருக்கோ, உனக்கு விளங்குதோ?" லாச்சி. கரண்டி. ஆறாம் காட்டு வீடு. சுற்றிப் போகிற கால். "எனக்குத் தெரியாது" என்றாள் ஆரபி.

சொன்னாள். அவ்வளவு சுகமாக வந்தது. காலமை பஸ்ஸில் "ஓம், கட்டாயம் யோசிச்சுச் சொல்லுறன்" என்று பேக்கரிக்காரனுக்குச் சொன்ன அதே குரல். அப்பாவுக்கு டொச் அரைகுறை, ஆனால் இந்த வசனம் விளங்கும், ரெஸ்ரோறன்ட் குசினியில் முதலாளி ஏசும்போதெல்லாம் அப்பா சொல்லித் தப்பின வசனமே இதுதான். காது அசையவில்லை. கன்னம் அசையவில்லை. ஃபிறவ் அம்ரைன் பேனையால் என்னவோ எழுதினா, சின்னதாகத்தான், ஆரபி வாசிக்கப் பார்க்கவில்லை. நான் என்ன பொய்யா சொன்னேன், எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாதுதானே, பழகவேயில்லையே, ஆறைத் தள்ளினால் போதுமா, அது கையின் பழக்கமாக இருக்கலாம், தலையில்லாமலே கை செய்யலாம், கோழியை வெட்டின பிறகும் ஓடுகிறதில்லையா, ஐயோ என்ன நினைப்பு இது, அப்பாவைப் போய். ஹைமுக்குக் கிழமைக்கு ஒருதரம் போகலாம், ஞாயிறுகளில், வெண்ணெய் பன் கொண்டுபோகலாம், தான் சுட்டது, அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார், உள்ளுக்குள்ளே இருந்துகொண்டு, எல்லாம் விளங்கிக்கொண்டு, ஒருத்தரும் ஆறைத் தள்ளச் சொல்லாத ஓரிடத்தில். உள்ளுக்குள்ளே இருந்துகொண்டு. அந்த இடத்தில்தான் நினைப்புத் திரும்பத் திரும்பச் சிக்கியது, நகத்தில் சிக்கின நூல் மாதிரி.

அப்பா மற்றக் காட்டுகளை ஒன்றாகக் கூட்டினார். ஒற்றைக் கையால் கலைக்க முடியாது, மேசையில் வைத்து உழக்கினார், மா உழக்குவதுபோல. பிறகு கட்டை நெஞ்சோடு அணைத்து, பெருவிரலால் ஒன்றைத் தள்ளி, இடக்கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, தன்னுடைய செத்த பக்கத்துக்கு, வலப்பக்கத்துக் கதிரைக்கு, ஆரபிக்கு, ஒரு காட்டைப் போட்டார். அடுத்தது எதிரே இருந்த ஃபிறவ் அம்ரைனுக்கு. அடுத்தது இடப்பக்கம், அங்கே ஒருத்தருமில்லை, காலிக் கதிரை, அதற்கும் ஒன்று. பிறகு தனக்கு. காலிக் கதிரைக்கு ஏன் போடுகிறார், ஆரைக் காண்கிறார், பிறகுதான் ஆரபிக்கு நாலு பேர் இல்லாமல் அது விளையாட்டே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒன்று வழுக்கிக் கீழே விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. ஆளுக்கு நாலு விழும்வரை சுற்றிச் சுற்றிப் போட்டார், நெற்றியில் வியர்வை, வாயோரம் எச்சில். ஃபிறவ் அம்ரைன் பேனையை வைத்துவிட்டா. "வலப்பக்கமாப் போடுறார்" என்றா மெல்ல, தனக்குத்தானே சொல்லுவதுபோல. "நாங்களும் யாஸுக்கு இப்பிடித்தான் போடுறது, வலப்பக்கமா." தன் முன்னால் விழுந்த காட்டுகளை, இந்த ஊர்க் கைக்குப் பழக்கம்போல, விசிறியாக விரித்துப் பிடித்தா. "உங்கட ஊரில இப்பிடி ஒரு விளையாட்டு இருக்கோ, ஆரபி?" இரண்டாம் தரம். ஆரபி பதில் சொல்லாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று தன்னுடைய நாலையும் எடுத்துப் பார்த்தாள். இஸ்கோப்பன் எட்டு. டைமன் ராணி. ஆடுதன் ஒன்பது. ஆடுதன் ஜாக்.

அப்போது அப்பா திரும்பினார். கழுத்து முதலில், பிறகு தாடை, பிறகு கண், சுமை தூக்குகிறவர்போல ஒவ்வொன்றாகத் திருப்பி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். வலது கண் கொஞ்சம் சரிந்திருந்தது. கோபமில்லை. நீ சொன்னது எனக்குக் கேட்டது என்ற பார்வையா அது, இல்லை, அப்படி ஒன்றுமில்லை, அதைவிடச் சாதாரணம், அதைவிடப் பயங்கரம், காட் போட்டாயிற்று, வலப்பக்கம் இருக்கிறவள் நீ, கேள். இடக்கையின் நடுவிரலால் மேசையில் தட்டினார். ஒருதரம். ஃபிறவ் அம்ரைனும் அவளைத்தான் பார்த்தா. காலிக் கதிரையும் அவளைத்தான் பார்த்ததுபோல இருந்தது. ஜாக்கும் ஒன்பதும் கையில வைச்சுக்கொண்டு. இன்னொருதரம் தட்டினார். பாஸ் சொல்லலாம். வாயே திறக்காமல் இருக்கலாம், இவளுக்கு விளையாடத் தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் குறை சொல்லப்போவதில்லை, ஒருத்தருக்கும் தெரியவும் வராது, இவரைத் தவிர. இவர் எங்கே போய்ச் சொல்லப்போகிறார்? அதை நினைத்ததும்தான் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது, அதோடு சேர்ந்து வார்த்தையும் வந்தது. "நான் பொய் சொன்னனான்" என்றாள் டொச்சில், கெதியாக, நிறுத்தினால் நின்றுவிடும். "இதுக்குப் பேர் முந்நூற்றி நாலு. இதுக்கு ஆறு தேவையில்லை, அதுதான் தள்ளினவர். நாலு பேர் வேணும், அதுதான் அங்கயும் போட்டவர். ஜாக் பெரிசு, அதுக்குக் கீழ ஒன்பது. அவர் ஒண்டும் பிழையாச் செய்யேல்லை. நீங்கள் சொன்னதைக் கேக்கேல்லை, அவ்வளவுதான், வீட்டிலயும் அப்பிடித்தான்." ஃபிறவ் அம்ரைன் தன் கையிலிருந்த காட்டுகளைப் பார்த்தா, ஆரபியைப் பார்த்தா. "ஜாக், பிறகு ஒன்பது" என்றா. "எங்கட துரும்புக்கும் அதேதான். படம்தான் வேற." திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "இன்னும் ஒண்டு" என்றாள் ஆரபி, இதை டொச்சில் சொல்லக்கூடாது, அப்பாவின் சரிந்த கண்ணைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "அப்பா, எனக்கு லேர கிடைச்சிருக்கு. லங்கந்தாலில, பேக்கரியில. ஓகஸ்டில தொடங்குது. நான் போகப்போறன். நீங்கள் வீட்டை வந்தா ஆர் பாக்கிறதெண்டு எனக்குத் தெரியாது. ஆனா நான் போகப்போறன்." சொல்லி முடிந்ததும் அறை அப்படியே இருந்தது. ஒன்றும் இடியவில்லை. அப்பாவின் விரல் மேசையில் நின்றது. அவர் கண்ணை எடுக்கவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று அவளால் வாசிக்க முடியவில்லை, கதவைச் சாத்திச் சாத்தி வாசிக்கப் பழகாமலே விட்டுவிட்டாள், கண்ணில் தண்ணீர் வந்ததா, அது அந்தக் கண் நெடுகத்தான் வடிகிறது. விரல் மறுபடி தட்டியது. இன்னும் கேட்கவில்லையாம். "அறுபது" என்றாள், தெரிந்த ஒரே எண், ஆகக் குறைந்தது. அப்பாவின் வாயின் இடப்பக்கம் கோணியது, தொண்டைக்குள் என்னவோ உருண்டது, இத்தனை நாளாக வராத ஒரு சத்தம், எச்சிலோடு, உடைந்து, ஆனால் அதே சத்தம், ஞாயிற்றுக்கிழமைச் சத்தம், இந்தக் கையை வைச்சுக்கொண்டு அறுபதோ என்று நேசன் மாமாவைப் பார்த்துக் கொட்டுகிற அதே வெறுப்பு. "ச்சா." பிறகு கழுத்தை, தாடையை, கண்ணை, ஒவ்வொன்றாகத் திருப்பி, எதிர்க் கதிரையைப் பார்த்து மேசையில் தட்டினார். ஃபிறவ் அம்ரைன் விழித்தா. "என்ன கேக்கிறார்?" "உங்கட முறை" என்றாள் ஆரபி.